கடவுச்சீட்டுக் கேளாத நாடு

பிரயாணக் கட்டுரை எழுதுவோர், தாங்கள் கப்பலேறிய துறைமுகத்திலிருந்தோ விமானம் ஏறிய நிலையத்திலிருந்தோ தங்கள் கதையைத் தொடங்குவது வழக்கம். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நான் போய்வந்த நாட்டுக்குக் கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. கடவுச்சீட்டை எவரும் கேட்கவுமில்லை. கொக்குவிலில் என் தங்கையின் வீட்டு அறையொன்றில், பிரம்புக் கதிரையில் இருந்தபடியே, வெளியே மார்கழி மழை ஓயாது பெய்துகொண்டிருந்த ஆறு இரவுகளில், அந்த நாட்டின் வயல்களையும் சதுப்பு நிலங்களையும் பட்டினங்களையும் தீவுகளையும் சுற்றிப் பார்த்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பூமிசாஸ்திரம் கற்பித்தவன் நான். உலகப் படத்தின் எந்த மூலையிலும் இல்லாத ஒரு தேசத்தைப் பற்றி எழுத நேரும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

வாசகர்கள் இதனை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடலாகாது. போன நாடு கற்பனை நாடுதான். ஆனால், அங்கிருந்து திரும்புகின்றவர்களுக்கு உண்டாகும் துயரம் கற்பனை அன்று. அதனைக் கண்ணாரக் கண்டபின்பே இதனை எழுதுகின்றேன்.

தங்கையின் கவலை

சென்ற ஆண்டு மார்கழியில் ஒருநாள் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

“அண்ணா, பிள்ளை பேராதனையிலிருந்து விடுமுறைக்கு வந்து நாலு நாளாகிறது. சரியாகச் சாப்பிடுகிறான் இல்லை. என்னவென்று கேட்டால், ஒன்றும் இல்லை அம்மா என்கிறான். சோதனையில் ஏதும் பிழைத்துவிட்டதோ, வேறு ஏதும் மனக்கவலையோ தெரியவில்லை. நீங்கள் ஒருக்கால் வந்து பேசிப் பாருங்கள்.”

மருமகனுக்கு வயது இருபத்திரண்டு. பொறியியல் படிக்கின்றான். சிறுவயது முதல் என்னோடு ஒட்டுதல் உள்ளவன். குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். விறாந்தை வாங்கில் இருந்து, முற்றத்தில் தேங்கிய வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அருகில் போய் இருந்தேன். நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவனே தொடங்கினான்.

“சிரிக்காதீர்கள், மாமா. ஒரு விளையாட்டு முடிந்துவிட்டது.”

“தோற்றுவிட்டாயோ, தம்பி?”

“இல்லை மாமா, வென்றுவிட்டேன்.”

கதவடியில் நின்ற தங்கைக்குப் பொறுக்கவில்லை. “கேட்டீர்களா அண்ணா! இதற்கா இவ்வளவும்? அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் விற்றுவிடச் சொல்லுங்கள்” என்றாள். ஆசிரியத் தொழில் பார்த்தவனுக்குப் புத்திமதி நாநுனியில் இருக்கும். காலத்தின் அருமை, கல்வியின் பெருமை முதலியவற்றை எடுத்துரைக்க நானும் வாயெடுத்தேன். அந்தக் கணத்தில் ஒரு பழைய நினைவு குறுக்கிட்டது.

1970ஆம் ஆண்டில் எனக்குப் பதினைந்து வயது. ‘கல்கி’ சஞ்சிகையில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னை என் தந்தையார் இதழ் இதழாகக் கிழித்தெடுத்துக் கட்டிவைத்திருந்தார். அதனைப் பள்ளி விடுமுறையில் படித்து முடித்தேன். முடித்த அன்று மாலை வந்தியத்தேவனும் இல்லை, குந்தவையும் இல்லை, வீராணம் ஏரியும் இல்லை. எங்கள் வீட்டுக் கிணறும் வேலியும் மாத்திரமே இருந்தன. ஒரு கிழமை பித்துப்பிடித்தவன்போலத் திரிந்தேன். அந்தத் துயரம் எனக்கு மட்டும் உரியதன்று. கதை முடிந்தபோது வாசகர்கள் பலர் ஆறாமல், ‘இன்னார் பிறகு என்ன ஆனார்?’ என்று கேட்டபடியால், கல்கி அவர்கள் ஒரு முடிவுரை எழுதி அவர்களுக்குச் சமாதானம் சொல்ல நேர்ந்தது.

அந்த நினைவு வந்ததும் புத்திமதியை விழுங்கிக்கொண்டேன். “அந்த நாட்டை எனக்கும் காட்டுவாயா?” என்று கேட்டேன். நான் கேலி செய்கின்றேனோ என்று ஐயுற்று என் முகத்தைப் பார்த்தான். பிறகு எழுந்துபோய், எனக்காக அந்தப் பிரம்புக் கதிரையைக் கணினிக்கு முன்னால் இழுத்துப் போட்டான்.

நாடு பிறந்த வரலாறு

அந்த விளையாட்டின் பெயர் ‘த விச்சர் 3: வைல்ட் ஹன்ற்’. 2015ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் திகதி வெளிவந்தது. ஆக்கியவர்கள் போலந்தின் தலைநகராகிய வார்சாவில் உள்ள ‘சிடி புரொஜெக்ற் ரெட்’ என்னும் நிறுவனத்தார். கதையின் வேர் இன்னும் பழையது. அந்திரே சப்கோவ்ஸ்கி என்னும் போலந்து எழுத்தாளர், அரக்கப் பிராணிகளைக் கொன்று கூலிபெறும் ஒரு வீரனைப் பற்றி 1986ஆம் ஆண்டில் ஒரு சஞ்சிகைக்குச் சிறுகதை எழுதினார். அது வளர்ந்து சிறுகதைத் தொகுதிகளாகவும் நாவல்களாகவும் பெருகியது. அக்கதைமாந்தரை வைத்து 2007ஆம் ஆண்டில் முதல் விளையாட்டும், 2011ஆம் ஆண்டில் இரண்டாவதும் ஆக்கப்பட்டன. இரண்டாவதன் பிரதியொன்றைப் போலந்தின் பிரதமர் அதே ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். மூன்றாவது விளையாட்டு 2023ஆம் ஆண்டளவில் 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையாகியிருந்தது. இரத்தமும் கொடுமையும் நிறைந்த கதையாதலால் இது பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கே உரியது என்பதைப் பெற்றோர் மனங்கொள்ள வேண்டும்.

இத்தகையவற்றைப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகள் என்பர். நம்மூர்க் கூத்தில் அண்ணாவியார் சொல்லிக்கொடுத்த பாட்டையே ஆடுபவன் பாட வேண்டும். இங்கே அப்படியன்று. வேடமும் கதையும் கொடுக்கப்பட்டிருக்கும். சில கட்டங்களில் என்ன பேசுவது, யாரைக் காப்பது, யாரைக் கைவிடுவது என்பது ஆடுபவன் கையில் விடப்பட்டிருக்கும். கதை அதற்கேற்பக் கிளைபிரியும். முதன்மைக் கதையை மட்டும் பின்தொடர்ந்தாலே ஏறக்குறைய 50 மணிநேரம் பிடிக்கும். வழியில் உள்ள கிராமங்களிலெல்லாம் தங்கிச் செல்பவனுக்கு 100 மணிநேரமும் போதாது. என் மருமகன் வழியில் ஒரு குடிசையையும் விடாதவன். தான் கடந்த இடங்கள் பலவற்றைக் கணினியில் சேமித்து வைத்திருந்தான். ஆதலால் விரும்பிய இடத்தைத் திறந்து எனக்குக் காட்ட அவனால் முடிந்தது.

வெலென் என்னும் பாழ்நிலம்

முதல் இரவு வைற் ஓச்சர்ட் என்னும் சிற்றூரில் தொடங்கினோம். பெயருக்கேற்பப் பழமரங்கள் பூத்து நிற்கும் ஊர். ஜெரால்ட் என்னும் நரைத்தலை வீரன், ரோச் என்னும் தன் குதிரைமேல், தன் முதிய ஆசானாகிய வெஸெமிரோடு அவ்வழியே வருகின்றான். என்னை வியக்கவைத்தது போர்த்தொழில் அன்று, காற்றுத்தான். மேகம் கறுத்துக் காற்றெழும்போது ஒவ்வொரு மரமும் தன் தன் வகைக்கேற்ப வளைந்து அசைகின்றது. விடியலும் அந்தியும் ஒழுங்கு தவறாமல் வருகின்றன. மழை தொடங்கினால் ஊர்ச்சனங்கள் இறப்பின் கீழே ஒதுங்குகின்றார்கள். சாளரத்துக்கு வெளியே பெய்வது எந்த மழை, திரையில் பெய்வது எந்த மழை என்று ஒரு கணம் எனக்கு மயக்கமாக இருந்தது.

அடுத்த இரவு வெலெனுக்குப் போனோம். தெற்கேயிருந்து படையெடுத்து வந்த நில்ப்கார்ட் பேரரசுக்கும் வடக்கே நிற்கும் ரெடானியா அரசுக்கும் இடையில் அகப்பட்டு நசுங்கிய பிரதேசம் அது. எல்லையில் ஒரு பெரிய மரம். அதன் கிளைகளிலே தூக்கிலிடப்பட்டவர்கள் தொங்குகின்றார்கள். எரிந்த கூரைகள், உழவர் கைவிட்டுப்போன வயல்கள், பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஒதுங்கிவாழும் சதுப்பு நிலம் ஆகியவற்றைக் கண்டோம். போர் கடந்துபோன கிராமத்தைக் கண்ணாற் கண்ட நம்மவர்க்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. நான் எழுந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வந்து இருந்தேன்.

வெலெனில் ஒரு சிற்றரசன் இருக்கின்றான். போரின் குழப்பத்திலே தானாகத் தலையெடுத்தவன். தன் மனைவியும் மகளும் காணாமற் போய்விட்டார்கள் என்றும், தேடித்தர வேண்டுமென்றும் ஜெரால்டிடம் கேட்கின்றான். தேடப் புகுந்த பின்பே உண்மை வெளிவருகின்றது. அவனுடைய குடியும் அடியும் பொறுக்காமல் ஓடிப்போனவர்கள் அவர்கள். இப்போது அவன் கண்ணீர்விடுகின்றான். அவனுக்கு இரங்குவதா, அவனை வெறுப்பதா? விளையாட்டு அதற்கு விடை சொல்வதில்லை. ஆடுபவனையே முடிவெடுக்கவிட்டு, அதன் பலனையும் அவன் கண்முன்னே கொண்டுவந்து வைக்கின்றது. “இந்த இடத்தில் நான் கணினியை நிறுத்திவிட்டு ஒரு மணிநேரம் வெளியே நடந்தேன், மாமா” என்றான் மருமகன்.

அதே நாட்டில், ஏரியின் நடுவிலுள்ள தீவொன்றில், ஊரார் இரவிலே தீமூட்டி இறந்தோரின் ஆவிகளை அழைக்கும் சடங்கையும் கண்டோம். இஃது ஆக்கியோர் வெறுமனே புனைந்ததன்று. போலந்திலும் அதன் அயல்நாடுகளிலும் முன்னோர்க்கு உணவு படைத்து அழைக்கும் ‘ஜாடி’ என்னும் பழைய வழக்கம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆடம் மிக்கியேவிச் என்னும் போலந்துப் பெருங்கவிஞர் அதனை வைத்தே நாடகம் இயற்றினார். தங்கள் பாட்டன் பாட்டிமாரின் வழக்கங்களை இக்காலப் பிள்ளைகளின் விளையாட்டுக்குள்ளே கொண்டுசேர்த்த வார்சா இளைஞர்களை மெச்சினேன்.

பட்டினமும் தீவுகளும்

மூன்றாம் இரவு நொவிகிராட் துறைமுகப் பட்டினம். மீன் வாடியும் வட்டிக்கடையும் நாடக மண்டபமும் தவறணையும் நெருங்கிய ஊர். அதன் நடுச்சதுக்கத்திலே, மாந்திரிகம் அறிந்தவர்களைக் கம்பத்தில் கட்டி எரிக்கின்றார்கள். வாணிகத்தின் செழிப்பும் மதவெறியின் கொடுமையும் ஒரே தெருவில் நடமாடுகின்றன. தவறணைகளில் ‘குவென்ற்’ என்னும் சீட்டாட்டம் நடக்கின்றது. உலகம் அழியப்போகின்றது என்று கேள்விப்பட்டிருந்தும், ஜெரால்ட் வழியிலே நின்று வணிகனோடும் கொல்லனோடும் சீட்டாடுகின்றான். நம்மூரில் சாவீட்டு இரவிலும் முந்நூற்று நாலு ஆடுவோரை நினைத்துக்கொண்டு நானும் மருமகனும் சிரித்தோம். அவன் சிரித்ததைக் கேட்டுத் தங்கை குசினியிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நாலாம் இரவு ஸ்கெலிகாத் தீவுகள். ஆறு தீவுகளைக் கொண்ட கூட்டம். பனி மூடிய சிகரங்கள், கரிய கடல், சிறிய பாய்த்தோணி. ஸ்கண்டிநேவியக் கடலோடிகளின் சாயல் அம்மக்களிடம் உண்டு. தோணி அலையில் ஏறி இறங்கும்போது, தொலைவிலிருந்து ஒரு பெண்குரல் இசை எழுகின்றது. அன்றிரவு இருவரும் ஒன்றும் பேசாமல் தோணியிலேயே நெடுநேரம் போனோம். கதைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பிரயாணத்தின் இன்பமே அதுதானே.

பனி உருண்டை

இத்தனை அலைச்சலும் எதற்காக? ஜெரால்ட் தன் சொந்த மகளைப்போல வளர்த்த ஒரு பெண்ணைத் தேடுவதற்காக. அவள் பெயர் சிரி. நம் காதுக்கு இப்பெயர் ஒரு கட்டளைபோல ஒலிப்பதை எண்ணி வேடிக்கையாக இருந்தது. அவளைப் பிடித்துச்செல்ல வானத்திலே குதிரையேறி வருகின்றது ஒரு பேய்ப்படை. ஐரோப்பியக் கிராமங்களில் பழங்காலந்தொட்டு நிலவும் நம்பிக்கை அது. விளையாட்டின் பெயரும் அதனின்று பிறந்ததே.

ஐந்தாம் இரவு, மலைகளுக்கு நடுவே சிதைந்து நிற்கும் கேர் மோரென் கோட்டைக்குப் போனோம். சிரியைக் காக்க நடந்த போரிலே கிழவர் வெஸெமிர் மாண்டுபோகின்றார். சில நாட்களுக்குப் பின் சிரி மனமுடைந்து இருக்கின்றாள். ஆசான் போன துயரம் ஒருபுறம். எடுத்த பயிற்சி கைகூடாத வெட்கம் மறுபுறம். ஜெரால்ட் அவளருகே வந்து இருக்கின்றான். திரையில் இரண்டு வழிகள் தோன்றுகின்றன. ஒன்று, எல்லாவற்றிலும் கெட்டிக்காரியாக இருக்கவேண்டும் என்பதில்லையென்று ஆறுதல் சொல்லி, மதுவை எடுத்துக் கொடுப்பது. மற்றது, அவளை முற்றத்துக்கு அழைத்துப்போய்ப் பனியை உருட்டி எறிந்து விளையாடுவது.

“நீ எதைச் செய்தாய்?” என்று கேட்டேன்.

“பனியை எறிந்தேன், மாமா.”

“ஏன்?”

“அவளுக்கு ஆறுதல் வார்த்தை தேவைப்படவில்லை என்று தோன்றியது. ஒருவர் கூட இருந்து விளையாடினால் போதும் என்று பட்டது.”

விறாந்தையிலே நான் சொல்ல எடுத்த புத்திமதியை நினைத்துக்கொண்டேன். நல்லகாலம், அதைச் சொல்லவில்லை.

பிறகு அவன் சொன்ன விவரம் என்னை இன்னும் சிந்திக்கவைத்தது. கதையின் இறுதியில் சிரி மீண்டு வருகின்றாளா, இல்லையா என்பதை வாள்வீச்சுத் தீர்மானிப்பதில்லை. இத்தகைய சின்னஞ்சிறு கட்டங்கள் சிலவே தீர்மானிக்கின்றன. சூனியக்காரிகளின் சபையை எதிர்கொள்ள அவளைத் தனியே போகவிட்டாயா, கூடவே போய் நீயும் நின்றாயா? கோபத்திலே பொருள்களை உடைத்தபோது அடக்கினாயா, உடைக்கவிட்டாயா? அவளுக்கு உதவி மாண்ட ஓர் இளைஞனின் புதைகுழிக்குக் கூடப் போனாயா? அவளைப் பெற்ற தந்தையாகிய பேரரசன் நீட்டிய பொன்னை வாங்கினாயா? வளர்த்தவன் அவளை நம்பினால், அவளும் தன்னை நம்பி மீளுகின்றாள். நம்பாவிட்டால் அவள் திரும்பி வருவதே இல்லை. பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இதிலே பாடம் உண்டு. அதனை விரித்துரைப்பது பழைய பழக்கதோஷமாகும் என்று விட்டுவிடுகின்றேன்.

முடிந்த பின்

மருமகனின் கதையில் சிரி மீண்டாள். வீரனின் தொழிலையே தானும் ஏற்றுத் தன் வழியே போனாள். எல்லாம் நன்றாகவே முடிந்தன. பின் ஏன் இந்த வாட்டம்? அதனைக் கேட்டபோது அவன் ஒன்றும் சொல்லாமல், முடிந்த பின்னுள்ள நாட்டைத் திறந்து காட்டினான்.

அந்த நாடு அப்படியே இருக்கின்றது. விரும்பியபடி குதிரையேறிச் சுற்றலாம். ஆனால் கேர் மோரென் வெறிச்சோடிக் கிடக்கின்றது. அடுப்படியிலே ஒருவரும் இல்லை. ஊர்ச்சனங்கள் முன்பு சொன்ன வார்த்தைகளையே திரும்பவும் சொல்கின்றார்கள். “மூன்று மாதம் இங்கே இருந்தேன், மாமா. இப்போது இங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. வெளியே வந்தால், நான் எங்கே போயிருந்தேன் என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை” என்றான்.

அவன் சொன்ன இரண்டு வாக்கியங்களில் காரணம் முழுவதும் அடங்கியிருக்கின்றது என்று எண்ணுகின்றேன்.

நாவலைப் படிப்பவன் பிறர் செய்ததைக் காண்கின்றான். இங்கே ஆடுபவன் தானே தேடினான், தானே தீர்மானித்தான், தவறியும் போனான். நாள்தோறும் அங்கே அவனுக்கு ஒரு கடமை காத்திருந்தது. அவனைக் கொண்டு ஆகவேண்டிய காரியம் ஒன்று இருந்தது. கதை முடிந்த இரவில் அந்தக் கடமைகள் யாவும் ஒருங்கே தீர்ந்துபோகின்றன. உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற மறுநாட் காலையில், மணி அடிக்காத வீட்டில் எழுந்தவர்களுக்கு இந்த வெறுமை தெரியும். எனக்கும் தெரியும்.

மற்றது தோழமை. ஹோர்ட்டன், வோல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், 1956ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாள்தோறும் காணும் மனிதர்மேல் மக்களுக்கு ஒருபக்க நட்பு உண்டாவதை ஆராய்ந்தார்கள். நமக்கு அவர்களைத் தெரியும். அவர்களுக்கு நம்மைத் தெரியாது. ஆயினும் பிரிவு வரும்போது மனம் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. 2009ஆம் ஆண்டின் இறுதியில் ‘அவதார்’ திரைப்படம் வெளிவந்தபோது, அதிலே கண்ட பண்டோரா என்னும் உலகம் உண்மையில் இல்லையே என்று பலர் துயருற்றதாகப் பத்திரிகைகள் எழுதின. மூன்று மணிநேரப் படத்துக்கே அப்படியென்றால், நூறு மணிநேரம் கூட நடந்த தோழரைப் பிரிவதில் என்ன அதிசயம்?

இவை இரண்டும் எல்லாப் பிரயாணிகளுக்கும் நேர்வன. தலயாத்திரை போய்வந்தவர்களும் கடல்கடந்து வந்தவர்களும் சில நாள் இப்படித்தான் இருப்பார்கள். ஆனால் அவர்கள் திரும்பி வரும்போது படலையில் உறவினர் காத்திருக்கின்றார்கள். ‘எப்படி இருந்தது?’ என்று கேட்கின்றார்கள். சொல்லச் சொல்ல அந்தப் பிரயாணம் மெல்ல மெல்ல வீட்டுக்கு வந்துசேர்கின்றது. என் மருமகன் தனியே போனான். தனியே திரும்பினான். கேட்பாரில்லை. கேட்டவர்களும் சிரிக்க ஆயத்தமாக இருந்தோம். அவன் வாட்டத்துக்கு முடிவு காரணம் என்பதிலும், சொல்ல இடமின்மை காரணம் என்பதே பொருந்தும்.

கொடிமுந்திரித் தோட்டம்

ஆறாம் இரவு கடைசி இரவு. 2016ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி வெளிவந்த ‘பிளட் அன்ட் வைன்’ என்னும் பின்னிணைப்பில் வரும் துசாங் நாட்டுக்குப் போனோம். வெலெனின் சேற்றுக்குப் பிறகு அந்த வெயில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. தென்பிரான்சையும் இத்தாலியையும் நினைவூட்டும் குன்றுகள். அவற்றின் சரிவெங்கும் கொடிமுந்திரி. வாழ்நாளெல்லாம் தெருவிலேயே கழித்த ஜெரால்டுக்கு இங்கே ஒரு பழைய வீடும் தோட்டமும் கூலியாகக் கிடைக்கின்றன. வீட்டைத் திருத்தலாம், சுவரில் சித்திரம் மாட்டலாம், பின்புறத்திலே மூலிகைப் பாத்தி வைக்கலாம். மருமகன் எந்தச் சித்திரத்தை எந்தச் சுவரில் மாட்டினான் என்பதை எனக்கு அறை அறையாகக் காட்டினான். புதுவீட்டைக் காட்டும் பெருமை அவன் குரலில் இருந்தது.

கதையின் கடைசியில் ஜெரால்ட் ஒரு பழைய நண்பனோடு இருந்து பேசுகின்றான். இனி இளைப்பாறலாம் என்னும் கருத்துப்படப் பேசிவிட்டு, முகத்தைத் திருப்பி, திரைக்கு இப்புறம் இருக்கும் நம்மையே நேராகப் பார்க்கின்றான். மெல்லச் சிரிக்கின்றான். அவ்வளவுதான்.

“இந்த இடத்திலேதான், மாமா...” என்று தொடங்கிய மருமகன் மேலே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எழுபது வயதுக்காரனாகிய எனக்கும் தொண்டை கனத்தது. ஆறே இரவுகள் போய்வந்த எனக்கே இப்படியென்றால், மூன்று மாதம் குடியிருந்தவனுக்கு எப்படி இருக்கும் என்று அப்போது முற்றாக விளங்கியது.

மறுநாட் காலை ஒரு பெரிய தாளையும் வண்ணப் பென்சில்களையும் அவன்முன் வைத்து, “பார்க்காமல் வரை” என்றேன். ஆறுகளையும் மலைகளையும் வழிகளையும் அளவு பிசகாமல் வரைந்தான். முப்பத்தைந்து ஆண்டுகளில் இப்படி வரைந்த மாணாக்கர் எனக்குச் சிலரே வாய்த்தார்கள். அவனுடைய தங்கை, பதினொரு வயதுச் சிறுமி, வந்து பார்த்தாள். “இது எந்த நாடு அண்ணா?” என்று கேட்டாள். அவளுக்கு ஆகாதவற்றை நீக்கிவிட்டு, பனி உருண்டையையும் குதிரையையும் தோணியையும் பற்றி அவன் சொல்லத் தொடங்கினான். மத்தியானம் வரை சொன்னான். அன்று தங்கை பரிமாறிய சோற்றை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினான். கணினியை விற்கும் பேச்சு அத்தோடு நின்றது. ஒவ்வொரு தவணையிலும் படிப்புக்கு எவ்வளவு, விளையாட்டுக்கு எவ்வளவு என்று தாயும் மகனும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அந்த மூன்று மாதத்தில் படிப்பு ஓரளவு பின்தங்கியதை அவனே மறைக்காமல் ஒப்புக்கொண்டான்.

எல்லா வாட்டமும் இப்படி ஆறு இரவில் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. உறக்கமும் உணவும் கெட்டு, வாரக்கணக்கில் ஒரு பிள்ளை ஒடுங்கியிருந்தால் வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே முறை. ஆனால் பெரும்பாலானவை பிரயாணம் முடிந்த களைப்பே. அதற்கு வேண்டிய மருந்து விலை கொடுத்து வாங்குவதன்று. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இவ்வாறு எங்கோ போய்த் திரும்பி வந்து, வாங்கிலே பேசாமல் இருக்கக்கூடும். அருகே போய் இருந்து, ‘எந்த நாட்டுக்குப் போயிருந்தாய்?’ என்று கேளுங்கள். பிறகு, அவன் சொல்லி முடிக்கும்வரை எழுந்துவிடாதீர்கள்.

மருமகன் பேராதனைக்குத் திரும்பிவிட்டான். அவன் வரைந்த படம் என் மேசைக்கு மேலே, இலங்கைப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகின்றது. காற்றெழும்பி முற்றத்து மாமரம் அசையும் நேரங்களில், வைற் ஓச்சர்ட் இருக்கும் மூலையை என் கண் தானாகத் தேடுகின்றது.